கேமராத் திருஷ்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டிக் கண்ணாடியில் தலை சீவ நேரமிருக்கிறது. தோளுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டத்தான் கை வரவில்லை. சிக்னலில் கேமரா வைத்ததும் ஓட்டுகிற விதத்தை மாற்றினார்களா? சோதிடரைத் தேடினார்கள்.

டயர் கடை மாடியில் அவருடைய அறை. படியெல்லாம் செருப்பு. "கேமராவும் ஒரு கண்தானே? கண்ணிருந்தால் திருஷ்டி. திருஷ்டி இருந்தால் பரிகாரம்." இது சோதிடரின் கண்டுபிடிப்பு. உள்ளங்கை அகலச் செப்புத் தகட்டை முன்கண்ணாடியில் ஒட்டினால் கேமராவுக்குக் கண் அவிந்துவிடுமாம். கூடவே ஒரு விரதம்: பெல்ட் போட வேண்டும், சிவப்புக்கு நிற்க வேண்டும், ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது.

"தகடு ஒட்டினதிலேருந்து ஒரு அபராதச் சலான்கூட வரலைங்க!" என்று லாரிக்காரர் ஒருவர் கண்கலங்கினார்.

வரிசையில் நின்ற மெக்கானிக் பெரியவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் தகடு வாங்க வரவில்லை; மருமகனை இழுத்துப் போக வந்திருந்தார். பள்ளி வேன் ஓட்டும் மருமகனுக்கு பெல்ட் போடாததற்காக மூன்று சலான் வந்தாயிற்று. நாலாவது வந்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் மகள் வீட்டில் அடுப்பு எரியாது.

"மாப்பிள்ளை, விரதத்துல சொன்னதை மட்டும் செஞ்சாப் போதுமே. தகடு எதுக்கு?"

"உங்களுக்குப் புரியாது மாமா. இடத்துக்கு இடம் இறங்கி ஏறி புள்ளைங்களை ஏத்தணும். பெல்ட்டெல்லாம் சரிப்படாது. விரதமில்லாத தகடு ஒண்ணு இருக்காம்."

"இருக்கு," என்றார் சோதிடர், கண்ணை மூடியபடியே. "ராஜ தகடு. கீழ நிக்கிற என் கார்லயே அதுதான். எனக்கு விரதமும் கிடையாது, சலானும் கிடையாது."

"கார் நம்பர் என்ன சாமி?" என்று கேட்டார் பெரியவர்.

கண் திறந்தது. "எதுக்கு?"

"சும்மாதான். வாங்குற பொருளைத் தட்டிப் பாக்குற பழக்கம்."

லாரிக்காரரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நம்பரைப் படித்தார். மருமகன் அதைப் போனில், சலான் பார்க்கிற தளத்தில் அடித்தான்.

பதினோரு சலான்! கடைசிப் படம் நேற்று எடுத்தது. சோதிடரின் காதில் போன். தோளில் பெல்ட் இல்லை. முன்கண்ணாடியில் ராஜ தகடு, அதில் பொறித்த எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரி.

"குருட்டுக் கேமரா நல்லாத்தான் படம் புடிச்சிருக்கு," என்றார் பெரியவர்.

"நேத்து கிரகம் சரியில்ல..."

"மிச்சம் பத்துக்கும்?"

சோதிடர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நாலு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார்கள். மருமகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். லாரிக்காரர் மட்டும் யோசித்தார்.

"அப்ப ராஜ தகடுதான் போலி. விரதத் தகடு நிஜம். அப்படித்தானே பெரியவரே?"

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் ஸ்கூட்டர்ல தகடும் இல்ல, என் பேர்ல சலானும் இல்ல. ஹெல்மெட் போடுறேன். அதுக்குள்ள இருக்கிறதையும் அப்பப்போ உபயோகிக்கிறேன். நீங்களும் உபயோகிச்சுப் பாருங்க. அதுக்கு எவனும் சலான் போடமாட்டான்."

லாரிக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். பெரியவர் படியில் செருப்பைத் தேடும்போது பின்னால் குரல் கேட்டது: "ஐயா, ஹெல்மெட்டுக்குத் தகடு இருக்கா?"

கீழே வேனில் மருமகன் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "நாளைக்கும் மாட்டினாப் பாப்போம்," என்று முணுமுணுத்துவிட்டு, பெரியவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.