விக்டோரியாவில் ஒரு குறையும் இல்லை

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் பேச்சிராஜ் சொந்தமாக எடுத்த ஒரே பெரிய முடிவு, கப்பல் கட்டுவது. அதுவும் அட்டைக் கப்பல். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்தை முதன்முதலாகச் சுற்றி வந்த விக்டோரியா என்ற பாய்மரக் கப்பலை, ஐம்பதில் ஒரு பங்கு அளவில், பார்சல் பெட்டிகளை வெட்டி ஒட்டி, வல்லம் வடகால் என்ற ஊரில் தான் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில் கட்டி நிறுத்துவது.

கலை ஆர்வமா என்றால் ஒரு மண்ணும் இல்லை. பயம்.

அவன் மனைவி இசக்கிசெல்விக்கு, பக்கத்திலேயே போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் சேரலாம் என்று கடிதமே வந்துவிட்டது. அவள் போய்விட்டால் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குச் சுடுசோறு யார் போடுவது? தானே பொங்க வேண்டி வந்துவிடுமோ? வேண்டாம் என்று நேராகச் சொல்லவோ தைரியம் கிடையாது. அதனால் இப்படிச் சொன்னான்:

"தாராளமா போ செல்வி. யாரு வேண்டாம்னா? இந்தக் கப்பல் மட்டும் முடியட்டும். ஒட்டும்போது பிடிக்க ஒரு ஆளு வேணும்லா?"

"முடிஞ்சா போலாமா?"

"முடிஞ்ச மறுநாளே போ."

"எங்கம்மா மேல சத்தியமா?"

"சத்தியமா!"

மாமியார் மேல் என்பதால் யோசிக்காமலே சத்தியத்தை அடித்துவிட்டான்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கார் சீட் கம்பெனியில் பேச்சிராஜுக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒன்பது வருஷமாக, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வருகிறான். அப்பேர்ப்பட்டவன் கையில் சிக்கிய கப்பல் முடியுமா? முடிய விடுவானா?

"இன்னைக்கு என்ன குத்தம்?"

"நடுப் பாய்மரம் அரை டிகிரி சாஞ்சிருக்கு. ரீவொர்க்."

"நேத்து நேராத்தான இருந்துச்சு?"

"நேத்து வெளிச்சம் பத்தல."

ஆனால் குறை கண்டுபிடிப்பதும் லேசான காரியமாக இல்லை. அவன் ஒரு கயிற்றை அவிழ்த்தால் அவள் ஐந்து கயிறு கட்டினாள். அவள் விரல் அப்படி. பேச்சிராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய், கப்பல் தன்னால் முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தான். உட்கார்ந்தால் கால் ஆடியது. நின்றால் கை எதையாவது பிய்த்தது. லைனில் நல்ல சீட்டுக்கெல்லாம் சிவப்பு ஒட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"இந்தக் கப்பல் நெசமாவே உலகத்தச் சுத்த எத்தன வருசம் ஆச்சாம்?" என்று ஒருநாள் இசக்கிசெல்வி கேட்டாள்.

"மூணு."

"போனவங்களே மூணு வருசத்துல ஊருக்கு வந்துட்டாங்க. நீங்க இன்னும் கயிறு கட்டிட்டு இருக்கீங்க."

கெடு நெருங்கியது. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் பேச்சிராஜ் துணிந்து மூன்று பாய்களையும் கழற்றிப் போட்டான். அவள் கத்தவில்லை, அழவில்லை. உட்கார்ந்து மூன்றையும் திரும்ப மாட்டிவிட்டு, கீழே போய்விட்டு வந்தாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் புருஷோத்தமன் படியேறி வந்தார். இந்த ஊர்க்காரர். கார் கம்பெனியில் தரப் பிரிவுக்குத் தலைவர். பேச்சிராஜ் கம்பெனியின் சீட்டெல்லாம் அவர் கம்பெனிக்குத்தான் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆடிட் என்று வந்து நிற்பார். ஆடிட் நாளில் பேச்சிராஜுக்கு மேலிடத்து உத்தரவு ஒன்றே ஒன்று: அவர் என்ன குறை சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே, டிராயிங்கைக் காட்டிப் பதில் சொல்.

புருஷோத்தமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பலருகே குனிந்தார்.

"இன்னாப்பா, பாய்மரம் சாஞ்சிகினு கீது?"

பேச்சிராஜ் சட்டென்று விறைத்து நின்றான்.

"சாயல சார்! டிராயிங்லயே பின்னால ரெண்டு டிகிரி இருக்கு சார்!" ஓடிப்போய் டிராயிங்கை எடுத்து வந்து விரித்தான்.

"இந்தாண்ட கயிறு லூசா கீதே?"

"காத்து அந்தப் பக்கமிருந்து அடிக்குதுல்லா சார்? அப்ப இந்தப் பக்கம் தளர்ந்துதான் இருக்கும் சார்!"

"பசை வெளிய வந்துகீது."

"அது பசை இல்ல சார். பலகை இடுக்குல தார் அடைப்பாங்கள்லா, அதக் காட்டுறதுக்கு!"

வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் மூன்று மாதமாக ஆடிய கால் நின்றுவிட்டது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தெரியுமா? வாசற்படியில் இசக்கிசெல்வி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

"இன்னாத்த சொன்னாலும் இது முடியாத பீஸுப்பா. ரிஜெக்ட்டு."

ரிஜெக்டா! ஒன்பது வருஷத்தில் அவன் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்கூடத் திரும்பி வந்ததில்லை.

"யாரு சார் சொன்னா? முடிஞ்ச பீஸ் சார் இது! ஒரு குறை இல்ல! இப்பவே பெட்டில போட்டு அனுப்பலாம். நான் கையெழுத்துப் போடுதேன்!"

பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை உருவி, விக்டோரியாவின் மூக்கில் ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

"முடிஞ்சிட்டா?" என்றாள் இசக்கிசெல்வி, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பேச்சிராஜ் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை.

புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா சொல்லக் கூடாது, சூப்பரா கட்டிகீற. நேத்து இந்தத் தங்கச்சி கீழ வந்து, கப்பல்ல கொறையா சொல்லுங்கண்ணா, ஒண்ணு வுடாம சொல்லுங்கன்னுச்சு. எனக்குத்தான் மனசே வரல."

திங்கள் விடிகாலை, கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. இசக்கிசெல்வி பையை மாட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போனாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பேச்சிராஜும் பின்னாலேயே ஓடினான்.

"செல்வி, சோறு வெந்துட்டான்னு எப்படித் தெரியும்?"

அவள் படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"நீங்க பொங்கி மட்டும் வைங்க. வெந்துட்டா இல்லையான்னு நான் வந்து பாத்துச் சொல்லுதேன்."