தேயாத விசைகள்

பற்பசை போட்டுத் தேய்த்தும் பளபளப்பு வரவில்லை.

கீபோர்டிலிருந்து கழற்றிய விசையை அவள் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கிய நாளில் இருந்தது போலவே சொரசொரவென்று இருந்தது.

"பிபிடி பிளாஸ்டிக், தலைகீழா நின்னாலும் தேயாதுன்னு நீதானே பெருமையடிச்ச?" என்றான் கணவன்.

"அதான் இப்ப வினை. ஆள் குறைக்கப் போறாங்களாம். மேனேஜர் ஒவ்வொரு மேசையா வந்து கீபோர்டைத்தான் பாக்குறாராம். பட்டன் பளபளன்னு இருந்தா உழைப்பாளி. என்னுதைப் பாத்தா நேத்து சேந்தவ மாதிரி இருக்கு."

"நீ அடிச்ச பக்கத்தையெல்லாம் எடுத்துக் காட்டேன்."

"பக்கத்தை யார் படிக்கிறா?"

மருத்துவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. கீபோர்டு அலுவலகத்துடையது, விசைகள் மட்டும் அவளே தேடி வாங்கியவை. மற்றவர்களுடையது ஏபிஎஸ் என்ற மலிவு பிளாஸ்டிக். விரல் பட்டுப் பட்டு எண்ணெய் வழியும் முகம்போல் மினுங்கும். அவளுடையதில் இத்தனை வருட உழைப்பு ஒரு தடமும் விடவில்லை. அதை இதுவரை சிறப்பு என்றே நினைத்திருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் தலைக்கு வைக்கும் எண்ணெயைத் தொட்டுப் பூசினாள். மினுங்கியது. விரல் வழுக்கி, முப்பது வயது நோயாளிக்கு முன்னூறு வயதானது.

"வயசுக்கு நல்லா நடக்குறாரே," என்றார் பக்கத்து இருக்கைக்காரர், எட்டிப் பார்த்து. ஆள் குறைப்புச் செய்தியைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"கிண்டல் வேண்டாம் சார். உங்க பட்டனை எனக்குக் குடுங்க. என்னுதை நீங்க மாட்டிக்குங்க."

"அப்ப என் வேலை?"

"சம்பளம் போடுறவரே உங்க மச்சான். உங்களை யார் அசைக்க முடியும்?"

அவர் யோசித்தார். "தங்கச்சி மாதிரி கேக்குற. எடுத்துக்கோ."

உணவு இடைவேளையில் இருவரும் கழற்றி மாட்டினார்கள். முடித்தபின்தான் கவனித்தாள். அவருடைய எழுத்து விசைகள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. அம்புக்குறிகள் நான்கு மட்டும் கண்ணாடி.

"என்ன சார் இது?"

"கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் கேம்," என்றார் அவர்.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். குனிந்து அவளுடைய அம்புக்குறிகளைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அடுத்த மேசையில் வெகுநேரம் நின்றார். விசைகளை விரலால் தடவினார். போய்விட்டார்.

பக்கத்து இருக்கைக்காரரின் முகம் வெளுத்திருந்தது. "விடும்மா. மச்சான்கிட்ட சொல்லிப் பாக்குறேன்."

தன் வேலைக்காக ஒரு மனிதரின் சோற்றில் மண்ணைப் போட்டாயிற்று. எழுந்தாள். "நான் போய் உண்மையைச் சொல்லிடுறேன் சார்."

மேலாளர் அறையிலிருந்து காலிக் கோப்பைகளுடன் வந்த தேநீர் அம்மா, அவளைத் தாண்டிப் போய் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னாள்:

"யோகந்தான் சார் உங்களுக்கு! பட்டன் தேஞ்சு வழுக்கித்தான் இங்க தப்பா அடிக்கிறாங்களாம், இத்தனை வருஷத்துல தேயாத பட்டனைக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீங்கதான்னு மேனேஜர் உங்களை சூப்பர்வைசரா போட்டுட்டாரு!"