கண்ணடித்த மீட்டர்

அடுத்தவர் சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம் என்று எனக்குத் தெரியும். வயதையும் கேட்கமாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக் கரண்ட் பில்லைக் கேட்காமல் மட்டும் என்னால் இருக்க முடிந்ததில்லை. கொடைக்கானலில் குளிர்காலம் கழிக்கிற எல்லோருக்கும் இந்த அரிப்பு கொஞ்சம் உண்டு. எனக்கு அது ஒரு பிப்ரவரி மாதத்தில் முற்றிப்போய், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவனைக் கரண்ட் திருடன் என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. (அவன் ஜீப் ஓட்டுகிறான். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பில் மின்சாரப் பாடம் என் பொறுப்பு என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் வலிக்கும்.)

என் மனைவி ஜெசிந்தா வத்தலக்குண்டுக்காரி. அங்கே மார்கழியிலும் மின்விசிறி சுற்றும். கல்யாணமாகி வந்த முதல் குளிரிலேயே வீட்டுக்கு ஒரு ஹீட்டர் வேண்டும் என்று கேட்டாள். பில் எகிறும் என்று சொல்லிப் பத்து வருஷம் ஓட்டினேன். அந்த வருஷம், ஹீட்டர் இல்லாமலேயே பில் எகிறிவிட்டது. செல்போனில் வந்த தொகையைப் பார்த்து, வேறு யாருடைய பில்லோ தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, முந்தைய பில்லைப்போல இரண்டு மடங்கு, என் பெயரிலேயே இருந்தது.

ஜெசிந்தா போனை வாங்கிப் பார்த்தாள். கத்தவில்லை. கம்பளியை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு சொன்னாள்:

"ஹீட்டர் இல்லாமயே இவ்வளவு கட்டுறோம்ல. இருந்தா என்ன கொறஞ்சு போகுது? ஞாயித்துக்கெழமைக்குள்ள வாங்குங்க. இல்லன்னா நானும் ஷைனியும் பனி முடியிற வரைக்கும் எங்க அப்பா வீட்ல இருந்துக்கிறோம்."

ஷைனி எங்கள் மகள், நாலாம் வகுப்பு. அவள் அப்போதே பையை எடுத்து வைத்தாள்.

கரண்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் ஹீட்டர் வாங்கினால் வீட்டை விற்றுத்தான் பில் கட்ட வேண்டும் என்று வாதாடி, ஞாயிறு வரை அவகாசம் வாங்கினேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். வீட்டுக்கு எத்தனை பேர், வெந்நீர் எதில், குளிருக்கு என்ன, பில் எவ்வளவு.

அந்த மூன்று நாளில் எங்கள் தெருவைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை ஒரு பாதிரியாரிடம்கூட யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். முதல் வீட்டு ரிட்டயர்டு டீச்சர், காலி பிராந்தி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸ் மாட்டி, கட்டிக்கொண்டு தூங்குகிறார். (பாட்டில் எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.) மூன்றாவது வீட்டில் ஆறு பேரும் சமையலறையிலேயே படுக்கிறார்கள். கடைசி வீட்டில் வில்பட்டியிலிருந்து சவுக்கு விறகு இறக்கி, குளியலறைக்கு வெளியே அடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, சார் குளிப்பது வாரத்துக்கு எத்தனை தடவை என்று திருப்பிக் கேட்டார். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

எல்லோர் பில்லும் என் பில்லைவிடக் குறைவு. அதிலும், என் வீட்டோடு ஒரே சுவரைப் பங்கு போடுகிற சேவியர் பில், என் பில்லில் பாதிகூட இல்லை. அவன் குளியலறைச் சுவரில் பளபளவென்று ஒரு கீஸர் தொங்குவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு பரிசோதனையும் செய்தேன். காலையில் மெயினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, கரண்ட் ஓடினால் கண் சிமிட்டும். சிமிட்டவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி அணைத்தேன். வீடு இருட்டாகிவிட்டது. விளக்கு சிமிட்டியது. நிதானமாக, எனக்கே கண்ணடிப்பதுபோல.

ஆக, திருடன் சாயங்காலத் திருடன். சேவியர் ஜீப் சவாரி முடித்து வந்து நிற்பதும் ஆறு மணிக்குத்தான். மறுநாளும் பார்த்தேன். ஆறு மணிக்கு ஜீப், ஆறு மணிக்குக் கண்ணடி.

இந்த ஆராய்ச்சிக்காக நான் ஒரு தியாகமும் செய்திருந்தேன். எங்கள் தெருவை ஒட்டி ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, அந்தோணியார் கோயில். காட்டேஜைக் காலி செய்துவிட்டுப் போன ஒருவர், தன் ஆயில் ஹீட்டரை அங்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாட்டுப் பயிற்சி நடக்கிற பக்கத்து அறையில் அது சாயங்காலம் முழுக்கக் கதகதவென்று இருக்கும். ஜனவரியிலிருந்து நான் பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தேன். (எனக்குப் பாட வராது. குழுவுக்கும் அது தெரியும். வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள்.) ஷைனி வீட்டுப்பாடமும் அங்கேதான். பனியில் காயாத அவள் யூனிஃபார்ம், என் சாக்ஸ், தெருவில் பாதிப்பேர் துணி எல்லாம் அந்த ஹீட்டரைச் சுற்றித்தான் காயும். ஃபாதர் புண்ணியத்தில் என் பில் மிச்சம் என்று ஜெசிந்தாவிடம் பெருமை அடித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட சூட்டை விட்டுவிட்டு, இரண்டு நாள் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சேவியர் ஜீப்பை நிறுத்தினான். நோட்டோடு போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. நான் வகுப்பில் கேட்பதுபோல, உன் பில் ஏன் குறைவு, காரணம் கூறுக என்று ஆரம்பித்து, என் லைனிலிருந்து நீ கரண்ட் எடுக்கிறாய் என்று முடித்தேன்.

சேவியர் ஜீப் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். எப்போதும் என்னை "ஏலே" என்றுதான் கூப்பிடுவான். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"சரிங்க சார்," என்றான். "வாங்க, பாத்துருவோம்."

அந்த 'சார்' காதில் விழாமல் இல்லை. ஆனால் கையில் நோட்டு இருந்தது, விட மனமில்லை.

முதலில் கீஸரைக் காட்டினான். அதிலிருந்து குழாயும் இல்லை, ஒயரும் இல்லை. "சீதனமா வந்துச்சு சார். கனெக்சன் குடுக்கல. மாமனார் வந்தா பாக்கணும்ல, அதுக்கு மாட்டி வச்சிருக்கேன். வெந்நிக்கு வெறகு அடுப்பு பின்னால கெடக்கு." பிறகு தன் வீட்டு மெயினை அணைத்தான். என் வீட்டு மெயின் ஏற்கெனவே அணைந்திருந்தது. இரண்டு வீடும் இருட்டு. ஜெசிந்தாவும் வந்துவிட, மூவரும் டார்ச்சோடு என் மீட்டருக்கு முன்னால் நின்றோம்.

மீட்டர் கண்ணடித்தது.

சேவியர் டார்ச்சை மேலே தூக்கினான். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் கிளம்பி, ஓட்டுச் சரிவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அதில் சாயம் போன சிவப்புக் காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க," என்றாள் ஜெசிந்தா, "ஸ்டாருக்குப் போட்டதுல்ல?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோயில் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் எரியவில்லை, எங்கள் லைனிலிருந்து ஒரு ஒயர் கொடுக்க முடியுமா என்று கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சூசை அண்ணன் கேட்டிருந்தார். ஊருக்குப் போனால் ஜெசிந்தா மெயினை அணைக்காமல் பூட்டமாட்டாள். பண்டிகைக்கு வத்தலக்குண்டு போகும்போது ஸ்டார் அணைந்துவிடக் கூடாதே என்று, மெயினுக்கு முன்னாலேயே ஒயரை எடுத்து மாட்டியவன் நான்தான். யாரும் செய்யக்கூடாத காரியம். மின்சாரப் பாடம் நடத்துகிறவன் நிச்சயமாகச் செய்யக்கூடாத காரியம்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே மூவரும் நடந்தோம். மதில், பேரிக்காய் மரம், கோயில் பக்கத்து அறை ஜன்னல். உள்ளே தவக்காலப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒயர் ஒரு பிளக் போர்டில் முடிந்தது. போர்டில் ஹீட்டர் சொருகியிருந்தது. ஹீட்டரின் மேல் என் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

சூசை அண்ணன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க சார், ரெண்டு நாளா ஆளக் காணமே. உங்க எடத்த யாருக்கும் குடுக்கல. வெரசா வந்து உக்காருங்க."

நான் போர்டைக் காட்டினேன்.

"அதுவா? கோயில் லைன்ல சொருகுனா டப்புனு பீஸ் போயிருது சார். உங்க லைன்ல சொருகுனா கல்லு மாதிரி நிக்கிது. நீங்கதான சொன்னீங்க, நம்ம லைன்னு நெனச்சுக்கங்க அண்ணேன்னு. ஃபாதர்ட்டயும் சொல்லிட்டேன், சார் மனசு யாருக்கும் வராதுன்னு."

பாட்டுக் குழு மொத்தமும் என்னை நன்றியோடு பார்த்தது. ஜெசிந்தா என் காதருகே வந்து, "ஊருக்கே ஹீட்டர் போட்டவருக்கு வீட்டுக்கு ஒண்ணு போட முடியாதா?" என்றாள். மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கடைத்தெருவுக்குப் போய் ஹீட்டர் வாங்கினேன். ஷைனி பையைப் பிரித்து, துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். ஒயர்மேன் ஒருவரை வரவழைத்து கோயிலுக்குச் சரியான லைன் இழுக்க ஏற்பாடு செய்தோம். அதுவரை சூசை அண்ணன் பாட்டுக் குழுவுக்குக் கடுங்காபி கொடுத்துச் சமாளித்தார்.

சேவியரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். "அதுனால என்னங்க சார்," என்றான். அடுத்த வாரமும் சார். ஈஸ்டருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன், "தேங்க்ஸ் சார்" என்றான். தெருவில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அது வலித்ததில்லை. இவன் கூப்பிட்டபோதெல்லாம் நோட்டால் தலையில் அடித்த மாதிரி இருந்தது.

ஜூனில் பழைய ஃபாதர் மாற்றலாகி, புதியவர் வந்தார். டிசம்பர் குளிரில் ஹீட்டரை வெளியே எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் அறிவிப்புகள் வாசித்த புதிய ஃபாதர், பாட்டு அறையில் இருக்கும் ஹீட்டரைப் பற்றி உருக்கமாகப் பேச ஆரம்பித்தார். குளிரில் வாடும் பிள்ளைகளை நினைத்து, சத்தமில்லாமல் இப்படி ஒரு உதவியைச் செய்த குடும்பத்தைப் பாராட்ட வேண்டும் என்றார். அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தார்:

"உபயம்: அமல்ராஜ் ஆசிரியர். ஹீட்டர் அல்ல, கரண்ட் மட்டும்."

கோயில் முழுக்க ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ரிட்டயர்டு டீச்சர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்தச் சிவப்பு எங்கேயோ பார்த்த சிவப்பாகத் தெரிந்தது. சேவியர் ஜீப்பின் பம்பருக்குப் போன மாதம்தான் பெயின்ட் அடித்திருந்தான்.

புரியாமல் நின்ற ஃபாதர், அந்த ஆசிரியர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். நான் பெஞ்சுக்குள் புதைந்துகொண்டிருந்தேன். அப்போது பின் வரிசையிலிருந்து, பத்து மாதம் கழித்து, அந்தக் குரல் வந்தது.

"ஏலே, எந்திரிச்சுக் கும்பிடு."

எழுந்து கும்பிட்டேன். முதல் கைதட்டல் அவனுடையதுதான். பெயின்ட் இன்னும் அழியவில்லை. வீட்டில் நான் ஏதாவது ஒரு விளக்கை அணைக்காமல் வந்துவிட்டால், ஷைனி இன்றைக்கும் அங்கிருந்தே கேட்கிறாள்: "அப்பா, இது யாரு உபயம்?"