கிழிசல் பாயின் விலைக் கணக்கு

உலகத்தில் எல்லாரும் புதுசுக்கு விலை கூட்டுவார்கள், பழசுக்குக் குறைப்பார்கள். இதைத் தலைகீழாக்கிப் பிழைத்த ஒரே மனுஷன், மும்பை செம்பூர் மார்க்கெட் சந்தில் குழந்தைப் புஸ்தகம் விற்ற கிழிசல் பாய்தான்.

சொந்த ஊர் மேலப்பாளையம். பழைய பேப்பர் எடுக்கும் ரத்திக்காரர்களிடம் எடைக்கு வாங்கி, நம்மிடம் ஒவ்வொன்றாக விற்பார். கொள்ளை லாபம். அதைக்கூட மன்னிக்கலாம். பளபளவென்று இருக்கிற புஸ்தகத்தை முப்பது ரூபாய்க்குக் கொடுப்பார். அட்டை கிழிந்து, கிரேயான் கிறுக்கி, பருப்புக் கறை படிந்ததற்கு இருநூறு கேட்பார்.

"என்ன பாய், அநியாயமா இருக்கே?"

"தங்கச்சி, இந்தப் புதுச ஒரு புள்ளையும் தொடல. அப்ப கத நல்லால்லன்னு அர்த்தம். இதப் பாருங்க, சின்னஞ்சிறுசுவ அடிச்சுப் புடிச்சுப் படிச்சிருக்கு. பக்கா மால்."

இந்த ஆளோடு யார் பேசி ஜெயிக்க?

அப்படிப்பட்டவரிடம் எங்கள் வீட்டு யானைப் புஸ்தகம் போய்ச் சேர்ந்தது. அலமாரி சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் பழைய பேப்பரோடு அதையும் எடைக்குப் போட்டுவிட்டார். என் ஆறு வயது மகள் மீனுவுக்கு அந்த யானையைப் பார்த்தால்தான் சோறு இறங்கும். பார்க்கிற நேரமெல்லாம் அட்டை முனையைக் கடித்துக்கொண்டிருப்பாள். புஸ்தகம் போனதிலிருந்து ஒரு வாய் சோறு தொடவில்லை. ரத்திக்காரரைப் பிடித்து விசாரித்தால், பாயிடம் போட்டாராம்.

மீனுவை இழுத்துக்கொண்டு ஓடினேன். கடையில் மாட்டுங்கா மாமி ஒருத்தி கையில் எங்கள் யானை.

"இது எவ்வளவு?"

"எண்ணூறு," என்றார் பாய்.

மாமி அதைச் சூடான பாத்திரம் மாதிரிக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

"பாய், அது எங்க வீட்டுப் புஸ்தகம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. அத்தாட்சி?"

"முனையில பல் தடம் இருக்கு பாருங்க. என் பொண்ணு கடிச்சது."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாயத் தொற புள்ள."

மீனு திறந்தாள். முன்பல் இரண்டும் முந்தின வாரம்தான் விழுந்திருந்தன.

"அத்தாட்சி போயிருச்சே தங்கச்சி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடையையே எடைக்குப் போட்டிருப்பேன். மீனுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "குளிக்கிற யானைக்கு நான் பொட்டு வச்சேன். அம்மாவோட பொட்டு."

பாய் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆற்றில் குளிக்கிற யானையின் நெற்றியில் என் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

புஸ்தகத்தைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். "இம்புட்டுக் கடிச்ச புள்ள தேடி வராம இருக்குமா? அதான் யாரு கேட்டாலும் எண்ணூறுன்னேன்."

பர்ஸைத் திறந்தேன்.

"அதுக்கு வேண்டாம். பைக்குப் பத்து ரூவா."

"நான் பை கேக்கவே இல்லையே பாய்."

"யாவாரம்னு ஒண்ணு இருக்குல்லா," என்று ஒரு துணிப்பையை நீட்டினார். வாங்கித் தொலைத்தேன்.

பாய் கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சில வருஷமாகிறது. அந்தப் பைக்குக் காது அறுந்துவிட்டது, அடியில் ஓட்டை. போன வாரம் வீட்டுக்காரர் அதைக் குப்பையில் போட்டார். சண்டை போட்டுத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். பாய் இருந்தால் இப்போது அதற்கு ஆயிரம் ரூபாய் சொல்லியிருப்பார். பேரம் பேசாமல் கொடுத்திருப்பேன்.