புல்தரை தயார், மாப்பிள்ளை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உங்கள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறோம். மகளின் கால் எலும்பு நன்றாகக் கூடிவருகிறது, ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தாள் என்று நீங்கள் போனில் சொன்ன அன்று இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு காபி குடித்தோம். நீங்கள் அங்கே அவள் கூடவே இருப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுதத் தெரியவில்லை, ஆகவே புல்தரை விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மெத்தென்ற தரையில் வெறுங்காலோடு நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். உங்கள் பின்பக்கத்துப் புல்லோ சொட்டைத் தலை மாதிரி அங்கங்கே மண் தெரியக் கிடந்தது. இருக்கிற புல்லுக்கு நடுவிலேயே புது விதை தூவி அடர்த்தியாக்க வேண்டும், அதற்கு முன்னால் தரையைப் பக்குவப்படுத்த வேண்டும், "ஆள் வெச்சுப் பண்ணிக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆள் எதற்கு? முப்பத்தொரு வருடம் ஊரிலுள்ள தராசுகளை எல்லாம் சோதித்து முத்திரை குத்தியவன் நான். ஒரு கிராம் முன்னே பின்னே போனால் எனக்குச் சோறு இறங்காது. புல் என்ன பெரிய வித்தையா. வேலை முடிந்துவிட்டது, அதுவும் கச்சிதமாக.

முதலில் புல்லை ஒட்ட வெட்ட வேண்டும், அப்போதுதான் விதை மண்ணைத் தொடும். ஸ்கேல் வைத்து அளந்து புல்வெட்டும் மெஷினின் கத்தியை மூன்று சென்டிமீட்டருக்கு இறக்கினேன். நாலாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது, கிளம்பியது என்றால் சும்மா இல்லை, துணி காயப்போடும் கம்பத்தை ஒரு சுற்று சுற்றி, பக்கத்து வீட்டு வேலிவரை போய்த் திரும்பி வந்தது, நான் அதைத் தள்ளினேனா அது என்னை இழுத்ததா என்பது பார்த்தவர்களின் அபிப்பிராயத்தைப் பொறுத்தது, ஆனால் கைப்பிடியை நான் விடவில்லை என்பதற்கு வேலி சாட்சி. தரை முழுவதும் மொட்டையாகிவிட்டது.

அடுத்தது அடியில் பாய் மாதிரி படிந்திருந்த காய்ந்த சருகை வாரி எடுப்பது. வாரியைப் போட்டு இழுத்ததில் பதினோரு சாக்குச் சருகும், மண்ணுக்குள் ஓடிய காலிங்பெல் வயரும் வந்தன. சருகைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. வயர் வெளியே வந்ததிலிருந்து மணி தானாகவே அடிக்க ஆரம்பித்துவிட்டது, அத்தை பதினான்கு தடவை போய்க் கதவைத் திறந்து, பதினைந்தாவது தடவை உண்மையிலேயே வந்து நின்ற தபால்காரரை "எத்தனை தடவைய்யா அடிப்பீங்க" என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் இப்போது தபாலை வாசல் கேட்டுக்கு வெளியே இருந்தே வீசுகிறார்.

பிறகு தரையில் துளை போட வேண்டும், காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்க. உங்கள் ஷெட்டில் அடியில் நீள நீள ஆணி அடித்த செருப்பு ஒரு ஜோடி இருந்ததே, அதை ஷூவோடு சேர்த்து வார் போட்டு இறுக்கிக்கொண்டு நடந்தால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. நடந்தால் போதும் என்பது சரி. முதல் நாள் தண்ணீர் விட்டு ஊறிய மண் நாலாவது அடியில் பிடித்துக்கொண்டது, இடது காலும் வரவில்லை, வலது காலும் வரவில்லை, சிலை மாதிரி இருபது நிமிடம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா வேலியைத் தாண்டி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு ஆட்டு அப்படி ஒரு ஆட்டு ஆட்டி, ஒரே இழுப்பு. "கடைவாய்ப் பல்லுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். நல்ல கைராசி.

விதைக்கு வருவோம். டேப் பிடித்து அளந்ததில் அறுபது சதுர மீட்டர், மீட்டருக்கு இருபத்தைந்து கிராம், ஆக ஒன்றரைக் கிலோ. உங்கள் சமையலறைத் தராசு பதினெட்டு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, மாப்பிள்ளை. இதை நம்பித்தான் என் மகள் இத்தனை நாள் கேக் செய்தாளா என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. திருத்தி நிறுத்து, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவும்போது காற்று ஒரு வீச்சு வீசியதில் கொடியில் கிடந்த ஈரப் போர்வையில் ஒரு பங்கு போய் ஒட்டிக்கொண்டது.

"தரைக்குப் போட்ட விதை, இப்ப போர்வையிலதான் முளைக்கப்போகுது" என்றாள் அத்தை.

"உதறு. எடை குறையக் கூடாது" என்றேன்.

உதறி, மேலே மெல்லிசாக எரு தூவி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து, ஒன்பதாம் நாள் பச்சை தலைகாட்டிவிட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் அவள் வரும்போது தரை தயாராக இருக்கும். அப்பா சொன்னதைச் செய்தார் என்று அவளிடம் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் சேர்ந்து நடக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மேலே இருப்பதில் புல் வெட்டியது மட்டும்தான் அவர். அந்த மெஷின் இழுத்த இழுப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டு அன்றைக்கே படுத்தவர், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி உத்தரவு போட்டார். சருகு வாரியது பல் டாக்டரம்மா. சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றவள் நான், ஜன்னலில் சிரித்தவர் அவர். தூவியதும் நான், உதறியதும் நான். விதையை நிறுத்தது மட்டும் அவர்தான், படுத்தபடியே, தராசை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பதினெட்டு கிராம் கூடாமல் என்ன செய்யும், உங்கள் தராசு சரியாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொன்னால் கவலைப்படுவாள் என்று உங்களிடமும் மறைத்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. நேற்றுத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல்வரை வந்து புல்லைப் பார்த்தார். எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்பது. அவள் எட்டு அடி என்றீர்களே, "அப்பா உன்னை முந்திட்டார்"னு மட்டும் சொல்லுங்கள். எழுந்து வந்துவிடுவாள்.