நண்பருக்கு வந்த புண்

நோயாளியைவிட அதிகமாக வெட்கப்படும் டாக்டர் ஊருக்கே ஆபத்து. இரண்டாயிரங்களில் அந்த ஆபத்து முதலிபாளையத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்திருந்தது. அது நான்தான்.

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரிடம் பேசினார்.

"எனக்கில்லீங்க மேடம். சிநேகிதனுக்குங்க. அந்த இடத்துல ஒரு புண்ணுங்க."

"வலி இருக்கா?"

"துளிகூட இல்லீங்க. அவன் சம்சாரம் மாசமா இருக்குதுங்க, அதான் பயம்."

பால்வினை நோயாக இருக்கலாம். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாக ஆறியும்விடும். ஆனால் நோய் ரத்தத்தில் தங்கி வயிற்றுப் பிள்ளையையே கொன்றுவிடலாம். இருந்தாலும் 'சிநேகிதன்' என்றதும் ஒரு நிம்மதி (அப்பாடா, இவரை அவிழ்க்கச் சொல்ல வேண்டாம்). "நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார், நிஜமான ஒரு சிநேகிதனை. (கம்பெனிக்கு லீவு போட்டால் மாற்று ஆள் அனுப்புவார்களே, அந்தப் பழக்கம்.)

திரைக்குப் பின்னால் போய் பேண்ட்டைக் கழற்றச் சொன்னேன். கொங்கு மரியாதை, அந்த மனுஷன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆகட்டுங்க" என்றார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், புண்ணைக் காணோம். ஆறிவிட்டதா? அப்படியானால் நோய் உள்ளே போய்விட்டதே. பென்சிலினை எடுத்தேன்.

"உங்க மனைவிக்கும் ரத்தம் பார்க்கணும், ஊசி போடணும்."

"எனக்கு இன்னும் பொண்ணே அமையலீங்களே மேடம்."

(அட மண்டு. என்னைத்தான்.)

வெளியே ஓடினேன். கட்டிங் மாஸ்டர் நழுவியிருந்தார். பஸ் ஸ்டாப்பில் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். இப்போது விட்டால் இந்த ஆள் திரும்பி வரமாட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். புண் என்று ஊரறியச் சொல்ல முடியுமா? வாயில் வந்ததைக் கேட்டேன்.

"உங்களுக்குக் குழந்தை வேணுமா, வேண்டாமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

"வேணுங்க மேடம்" என்று அழுதுகொண்டே இறங்கினார்.

இந்த முறை எனக்குக் கூச்சமே வரவில்லை. அவரையே பரிசோதித்தேன். அவருக்கும் மனைவிக்கும் ரத்தப் பரிசோதனை, இருவருக்கும் பென்சிலின். பெண் குழந்தை பிறந்து, அதற்கு ஒன்றுமில்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் யாரோ இருந்திருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி அந்நிய ஆம்பளையிடம் டாக்டரம்மா குழந்தை கேட்ட கதை, எனக்கு முன்பே பொங்கலூரில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. இன்றும் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நோயாளியின் ரகசியம், என்னால் விளக்க முடியாது. "குழந்தை நல்லாத்தான் பொறந்துச்சு" என்று மட்டும் சொல்வேன்.

அதற்கு இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.