கதைக்கிற சிப்

ஏரம்பர் கதிரையை விட்டு எழுந்தபோதே, வந்த காரியம் பிசகிவிட்டது என்று ரஜிதனுக்கு விளங்கியது.

"என்ன சொன்னனீ?"

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்னு சொன்னேங்க."

"என்னைப் பேசவோ? என்ர வீட்டுக்கு வந்து என்னையே பேசப்போறியோ? நான் என்ன பிழை விட்டனான்?"

முள்ளியவளையில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசுவதென்றால் ஏசுவது. ரஜிதனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் நாக்கு இப்போது அவன் பொறுப்பில் இல்லை. முதல்நாள்தான் வவுனியாவுக்குப் போய்க் காதுக்குப் பின்னால் ஒரு சிப் வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஆசிரியரும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம், ஒரே நாளில் நாவன்மை என்பது விளம்பரம். சிப் இந்தியாவில் செய்தது.

அவனுக்கு அவசரம். பகலில் அரிசி ஆலை, இரவில் அம்மாவோடு இருந்து இந்திய நாடகம், பிறகு படுக்கை என்று வாழ்கிறவன். ஏரம்பரின் மகள் யதுர்ஷிகாவை மூன்று வருடமாக விரும்பியும் வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கனடா மாப்பிள்ளையின் ஆட்கள் அவளைப் பார்க்க வருகிறார்கள்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க பொண்ணை எனக்குப் புடிச்சிருக்கு."

"பிடிச்சனியோ? எங்க வைச்சுப் பிடிச்சனீ?"

"ஐயோ, கையால இல்லீங்க. மனசால."

ஏரம்பர் நாடகங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அவர் கண் மண்வெட்டி இருந்த மூலைக்குப் போனது. ரஜிதன் பதறிப்போய்ச் சிப்பை இரண்டு தட்டுத் தட்டினான்.

"என் உயிரே போனாலும் அவளை இன்னொருத்தனுக்கு விட்டுத் தர மாட்டேன். இது சத்தியம்."

ஏரம்பர் மண்வெட்டியை எடுத்தேவிட்டார். குசினியிலிருந்து அவர் மனைவி விமலேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை உங்களைப் பேச வரேல்ல. எங்கட பெட்டையைக் கட்டித்தரச் சொல்லிக் கேக்குது."

"அதைத் தமிழில கேக்கலாம்தானே."

கதவடியில் நின்று யதுர்ஷிகா சிரித்தாள். "மூண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய் திறந்தவர். எனக்கு ஓம் அப்பா. கனடா ஆக்களை வரவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

ரஜிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. காதுக்குப் பின்னால் நன்றியோடு தடவிக்கொண்டான். அப்போது கைபேசி அடித்தது. சிப் வைத்த பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணா, மன்னிக்கோணும். நேற்று உங்களுக்கு வைச்சது வெறும் சிப். பாடம் ஏத்த மறந்திட்டம்."

ரஜிதன் திகைத்துப்போனான். "அப்ப இவ்வளவு நேரமும் கதைச்சது ஆர்?"

விமலேஸ்வரி தேத்தண்ணி வைக்கத் திரும்பினார்.

"ஏழரை மணி நாடகத்தில வாற பெடியன்தான், தம்பி. நானும் விடாமப் பாக்கிறனான்."